காலால் சொன்ன பொய்

என் கணவன் ஒபதியா டாலிவருக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் வீடு விற்றுப் பிழைக்கிறவள். மெம்ஃபிஸ் நகரத்தில் எந்த வீட்டுக் கூரை எந்த மூலையில் ஒழுகும் என்பது எனக்குத் தெரியும். அதை எந்த நேரத்தில், எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது இப்படி ஒரு ஆள். கல்யாணமான புதிதில் என் தங்கை தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டாள். "காது ரெண்டும் பெருசா தெரியுது" என்றான். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

எல்லாம் அவன் அம்மா வளர்ப்பு. என் மாமியார் எர்லீன் மிசிசிப்பியில், கிளார்க்ஸ்டேலில் இருக்கிறார். அங்கே சர்ச்சில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைப்பது அவர் வேலை. யார் உண்மையாகவே உடம்பு சரியில்லாமல் போன வாரம் வரவில்லை, யார் மீன் பிடிக்கப் போனார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒபதியாவை நாங்கள் ஒபி என்போம். அவன் மெம்ஃபிஸின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேஃப்டி. அதாவது எல்லோருக்கும் பின்னால், மைதானத்தின் கடைசியில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவன். முன்னால் நிற்கிற ஒன்பது பேரும் கோட்டைவிட்டதை இவர்கள் பிடிக்க வேண்டும். பிடித்தால் டிவியில் காட்ட மாட்டார்கள். விட்டால் ஐந்து கோணத்தில் காட்டுவார்கள். அணிக்கு ஆள் எடுப்பதும் அனுப்புவதும் ஹார்லன் பிக்கெட் என்பவர் கையில் இருந்தது. அவர் ஒருமுறை விருந்தில், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரியாமல் யாரிடமோ சொன்னார்: "சேஃப்டிங்கறது பார்பெக்யூ தட்டுல ஓரமா வைக்கிற ஊறுகா மாதிரி. இருந்தா நல்லதுதான். அதுக்காக எவனும் கடைக்கு வர்றதில்ல."

பிறகு ஆட்டம் மாறியது. பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவது குறைந்து, எல்லா அணியும் தூரத் தூர எறிய ஆரம்பித்தார்கள். எறிகிற பந்து வந்து விழுகிற இடத்தில் நிற்பது யார்? நம் ஊறுகாய்தான். அந்த வருஷம் எங்கள் அணிக்குப் புதிதாக வந்த கோச் ப்ரிட்சர்ட் முதல் நாளே ஒபியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டாலிவர், எதிர்ப்பக்கம் பந்து எறியற குவார்ட்டர்பேக் இருக்கான் பாரு, அவன் கைக்குப் பந்து வர்றதுக்கு முன்னாடி யாரைப் பார்ப்பான்?"

"எங்க ரெண்டு பேரை, கோச்."

"எதுக்கு?"

"நாங்க நிக்கிற இடத்தை வச்சு, எங்க ஆளில்லாம இருக்கும்னு கணக்குப் போட."

"அப்ப நீ என்ன பண்ணணும்? பந்து நகர்ற வரைக்கும் ஒரு இடத்துல நிக்கணும். நகர்ந்ததும் வேற இடத்துக்கு ஓடணும். அதுவரைக்கும் நீ பொய்யா நிக்கணும்."

"பொய்யாவா கோச்?"

"பொய்யாத்தான்."

அன்று சாயந்திரம் ஒபி வீட்டுக்கு வந்து, பொரித்த மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மீனைத் தொடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் ஆட்டம் கொடுமை. பின்னால் நிற்கிற மாதிரி பாவனை செய்ய வேண்டும். பந்து நகர்ந்ததும் முன்னால் பாய வேண்டும். இவன் பின்னால்தான் நின்றான். ஆனால் பாயப் போகிற ஒவ்வொரு தடவையும் இடது குதிகால் தானாகத் தரையை விட்டு எழும்பியது. எதிரணி குவார்ட்டர்பேக் அதை முதல் கால்வாசியிலேயே கண்டுபிடித்துவிட்டான். இவன் விட்டுவிட்டு வருகிற இடத்திலேயே பந்தைப் போட்டான். போட்டுவிட்டு, "ரொம்ப நன்றி டாலிவர்! அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு!" என்று கத்தினான்.

ஆட்டம் முடிந்ததும் ஒபி தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, அந்தக் குவார்ட்டர்பேக் உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்" என்றான். சொன்னதைச் சொல்லிவிட வேண்டுமாம்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு என்கூட வேலைக்கு வா" என்றேன்.

மிட்டவுனில் ஒரு பழைய வீடு விற்காமல் கிடந்தது. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல். சட்டப்படி அதை எழுத்தில் கொடுத்தாயிற்று, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வாசல்படியில் கால் வைத்ததும் விரிசல் கண்ணில் பட்டால் அப்புறம் எவனும் மாடி ஏற மாட்டான். ஒபியை அதற்கு முன்னால் நிறுத்தினேன். அவன் அகலத்துக்கு அந்த விரிசல் சுலபமாக மறைந்தது.

முதலில் வந்த அம்மாள், "ஏன் தம்பி அங்கேயே நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"எனக்குப் பின்னாடி பெரிய விரிசல் இருக்குங்க" என்றான். நகர்ந்து காட்டவும் செய்தான். "இங்கிருந்து அதோ அங்கவரைக்கும். கையே போகும், பாருங்க."

அந்த அம்மாள் கார் கதவைச் சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

"ஒபி, நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல," என்றேன். "நில்லு. அவ்வளவுதான். நீ எதையும் சொல்லாத. பார்க்கிறவன் தானா எதையாவது நினைச்சுக்குவான். அவன் நினைக்கிறதுக்கு நீ பொறுப்பில்ல."

"ஆனா குதிகால் எழும்புதே."

"ஏன் எழும்புது? மனசுல 'ஐயோ, ஏமாத்துறோமே'ன்னு குத்துது. நீ அந்த ஜன்னலைப் பாரு. வெளியில மரத்துல என்ன இருக்கு?"

"சிவப்புக் குருவி."

"அதை நினைச்சுக்கோ. விரிசலை நினைக்காத."

அடுத்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். ஒபி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே வந்த இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்; பிறகு அவன் பார்க்கிற திசையில் பார்த்தார்கள். "அட, எவ்வளவு அழகான மரம்!" என்றாள் அந்தப் பெண். மாடியெல்லாம் சுற்றிப் பிடித்துப்போன பிறகு விரிசலை நானே காட்டினேன். "பூசிக்கலாம்" என்றார்கள். ஒபி அன்று ராத்திரி சாப்பிடும்போது நாலு மீன் தின்றான். "லத்ரீஸ், நான் கண்ணை எங்க வைக்கிறேனோ அங்கதான் எல்லாரும் பார்க்கிறாங்க!" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. இடது பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். பந்து நகர்ந்ததும் வலது பக்கத்தில் இருப்பான். குவார்ட்டர்பேக்குகள் வெற்றிடம் என்று நினைத்து எறிந்த பந்துகள் எல்லாம் இவன் மடியில் வந்து விழுந்தன. நன்றி சொன்ன அதே குவார்ட்டர்பேக் இரண்டாம் முறை விளையாட வந்தபோது மூன்று பந்தை இவனிடம் பறிகொடுத்தான். பத்திரிகைகள் ஒபிக்கு 'மெம்ஃபிஸ் மகா புளுகன்' என்று பெயர் வைத்தன. அந்தப் பெயர் போட்ட பனியன் கடைகளில் தொங்கியது.

இந்த இடத்தில் என் மாமியார் உள்ளே வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் கிளார்க்ஸ்டேலிலிருந்து காரோட்டி வந்து சேரும்போது ஆட்டம் பாதி முடிந்திருக்கும். அப்படி ஒரு ஞாயிறு வந்து, மிச்சத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. தொப்பியைக் கழற்றாவிட்டால் விஷயம் பெரிது.

"ஒபதியா. அங்க நின்ன. இங்க வந்த. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அம்மா, அது ஆட்டம்மா."

"சர்ச்சுல எனக்குக் கைகொடுத்து, 'புளுகனைப் பெத்த மகராசி'ங்கறாங்க. நான் எப்படிடா வாசல்ல நிக்கிறது?"

"நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பொய் சொல்லலம்மா."

"பொய்யை நாக்கால சொன்னா என்ன, காலால சொன்னா என்ன?"

விஷயம் கடைசியில் அவர்கள் பாஸ்டரிடம் போனது. அவர் நல்ல மனிதர். எங்கள் அணி தோற்றால் திங்கட்கிழமை யாரையும் பார்க்க மாட்டார். "அம்மா, யோசுவா ஆயி பட்டணத்தைப் பிடிச்சது எப்படி? தோத்து ஓடற மாதிரி ஓடி, பின்னாடி ஆளை ஒளிச்சு வச்சுத்தானே? கர்த்தரே சொல்லிக்குடுத்த யுத்தி அது" என்றார்.

"யோசுவாவுக்குக் கர்த்தர் சொன்னாரு," என்றார் மாமியார். "இவனுக்குச் சொன்னது ப்ரிட்சர்ட்."

இருந்தாலும் வேதத்திலேயே இடம் இருக்கிறது என்றானதும் கொஞ்சம் இறங்கிவந்தார். மைதானக் கோட்டுக்கு உள்ளே கால் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். கோட்டுக்கு வெளியே வந்தால் அவன் பழைய ஒபதியா. இதுதான் தீர்ப்பு. ஒபிக்கும் அதில் நிம்மதி.

மார்ச்சில் அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. அவனுக்காகப் பேரம் பேசுகிறவர் சிட்னி ப்ரூவர் என்ற பெரியவர். ஆட்டக்காரர்களுக்காகப் பேசியே தலை நரைத்தவர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, இப்படி ஒரு வருஷத்தை நான் பார்த்ததில்ல. ஆறு அணி கூப்பிட்டிருக்காங்க. ஆறும் சேஃப்டிக்கு! முன்னெல்லாம் சேஃப்டிக்குப் பேசப் போனா காப்பிகூடக் குடுக்க மாட்டாங்க" என்றார். பிறகு ஒபியின் பக்கம் திரும்பினார். "பிக்கெட் உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவாரு. என்ன கேட்டாலும் வாயைத் திறக்காத. சும்மா ஜன்னலைப் பாரு."

"கோட்டுக்கு வெளியில எனக்கு அது வராதுங்க" என்றான் ஒபி.

பிக்கெட் எங்களை அழைத்துப் போன கடையில் விலா எலும்பு நன்றாக இருக்கும். அவர் விரலை நக்கிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல், "ஏம்ப்பா, வேற யாராவது கூப்பிட்டாங்களா?" என்றார்.

நான் மேஜைக்குக் கீழே ஒபியின் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை.

"ஆறு அணி கூப்பிட்டாங்க சார். அதுல ரெண்டு பேர், நீங்க இப்பக் குடுக்கற மாதிரி மூணு பங்கு தர்றோம்ன்னாங்க."

பிக்கெட் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு மேஜைவிரிப்பைத் தூக்கிக் குனிந்து அவன் குதிகாலைப் பார்த்தார். நான் மிதித்த வலியில் அது தரையைவிட்டு எழும்பி நின்றது. நிமிர்ந்தவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சேஃப்டிக்கு ஆறு அணி! மூணு பங்கு! என்ன நடிப்புடா! ப்ரிட்சர்ட் உன்னை நல்லாத்தான் பழக்கியிருக்கான்!"

"நிஜமாத்தான் சார்."

"அதையும் முகத்தை இப்படி வச்சுக்கிட்டுச் சொல்ற பாரு!"

பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒபிக்கு முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில், "என் வாழ்நாள்ல யாரும் என்னைப் பொய்யன்னு நினைச்சதில்ல லத்ரீஸ்" என்றான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போலவும் இருந்தது.

மறுநாள் மாமியார் போன் செய்தார். குரலில் ஒரே உற்சாகம். "பிக்கெட்டுன்னு ஒருத்தர் பேசினாரும்மா. ரொம்ப மரியாதையான மனுஷன்."

"என்ன கேட்டாரு அத்தை?"

"'உங்க மகன் பொய் சொல்வாரா'ன்னாரு. 'வாயால சொல்ல மாட்டான்'னேன். 'அப்ப ஆறு அணி கூப்பிட்டது உண்மையா'ன்னாரு. 'அவன் சொன்னா அது உண்மைதான்'னேன்."

எனக்கு மாமியாரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "அப்புறம்?"

"'அவருக்கு ஊரை விட்டுப் போக எண்ணம் இருக்கா'ன்னாரு. 'ஐயையோ, அவன் எங்கயும் போக மாட்டான், எனக்குப் பக்கத்துலதான் இருப்பேன்னு சொல்லிட்டான். லத்ரீஸ்கூட இப்பத்தான் எல்லா ஜன்னலுக்கும் புதுத் திரைச்சீலை மாட்டியிருக்கா'ன்னேன்."

அன்று மதியமே பிக்கெட்டிடமிருந்து பேச்சு வந்தது. ப்ரூவர் அதை என்னிடம் சொல்லும்போது தலையில் கைவைத்துக்கொண்டிருந்தது போனிலேயே தெரிந்தது. ஊறுகாய் விலை.

என் கார் டிக்கியில் எப்போதும் நாலைந்து பலகைகள் கிடக்கும். ஒன்றை எடுத்து வந்து, எங்கள் வீட்டு முன் புல்லில் சுத்தியால் அடித்து நட்டேன். 'விற்பனைக்கு'. கீழே என் பெயரும் என் சிரித்த படமும்.

ஒபி வாசலில் நின்று பார்த்தான். "இது பொய்யில்லையா?"

"எல்லா வீடும் விற்பனைக்குத்தான் ஒபி. விலைதான் வேற வேற."

அவன் பலகையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அது சரிதான்" என்றான்.

ஒரு மணி நேரத்துக்குள் எதிர்வீட்டுக்காரர் பலகையைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். சாயந்திரம் ரேடியோவில் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் செய்த ஒருவர் அழுதார். "ஒரு ஊறுகாயைக்கூட வச்சுக்கத் தெரியாத ஆளா பிக்கெட்?" என்று இன்னொருவர் கத்தினார், விருந்துப் பேச்சு எப்படியோ வெளியே போயிருந்தது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மறுநாள் காலையில் ஒரு கறுப்புக் கார் எங்கள் தெருவில் மெதுவாகப் போனது, திரும்பி இன்னும் மெதுவாக வந்தது. ஓட்டியவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்; ஆனாலும் பிக்கெட் என்று தெரிந்தது.

கார் போன கொஞ்ச நேரத்தில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் கதவைத் தட்டினார்கள். வீட்டைப் பார்க்க வந்தவர்கள். உண்மையிலேயே பார்க்க வந்தவர்கள்! காட்ட முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, தொழில் அப்படி. சுற்றிக் காட்டிவிட்டு, அவர்களை விரட்டுவதற்காக வாய் கூசாமல் ஒரு விலை சொன்னேன். அந்தத் தெருவில் யாரும் கேட்டிராத விலை.

டாக்டரின் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். "திரைச்சீலையும் சேர்த்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள், எனக்குப் பின்னால் நின்ற ஒபி, "சேர்த்துதாங்க" என்றான்.

"அப்ப சரி, எடுத்துக்கறோம்" என்றார் டாக்டர்.

அவர்கள் போனதும் ஒபியிடம் பாய்ந்தேன். "வீட்டை நிஜமாவே விக்கிறதா? நான் சும்மா சொன்ன விலைடா அது!"

"நாம விலை சொன்னோம். அவங்க சரின்னுட்டாங்க. இப்ப இல்லைன்னு சொன்னா அது பொய் லத்ரீஸ்." கோட்டுக்கு வெளியே அவன் பழைய ஒபதியா.

வாசலில் பலகைமேல் 'விற்றாயிற்று' என்று சிவப்புத் துண்டை ஒட்டினேன். ஒட்டும்போது எனக்கு அழுகை வந்தது. அதையும் எதிர்வீட்டுக்காரர் படம் பிடித்தார். கண்ணீரோடு நான் நிற்கிற அந்தப் படம் பிக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பல் குத்திக்கொண்டிருந்தாராம். குச்சி ஈறில் ஏறிவிட்டதாம். ப்ரூவருக்குப் போன் அடித்தார். ப்ரூவர் மூன்று தடவை மணி அடிக்க விட்டு, நான்காவது தடவை எடுத்தார். அன்று பிக்கெட் ஒத்துக்கொண்ட சம்பளம், மெம்ஃபிஸில் எந்தச் சேஃப்டிக்கும் அதுவரை கொடுத்ததில்லை. முன்வரிசைத் தடியர்கள் இரண்டு பேர் அதைக் கேள்விப்பட்டு ஒபியிடம் ஒரு வாரம் பேசவில்லை.

கையெழுத்துப் போட்ட அன்று நிருபர் ஒருவர், "நிஜமாவே ஊரை விட்டுப் போற எண்ணம் இருந்துதா?" என்று கேட்டார். ப்ரூவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒபி மைக்கைப் பிடித்து, "இல்லைங்க. என் பெண்டாட்டி சும்மா ஒரு பலகை நட்டா" என்றான். அரங்கமே சிரித்தது. பிக்கெட்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஊரில் இருப்பது நிச்சயமாயிற்று. இருக்க வீடு இல்லை. அவசரத்தில் கிடைத்தது, நானே பலபேருக்குக் காட்டி விற்க முடியாமல் கைவிட்ட ஒரு வீடு. மழை பெய்தால் கூடத்தில் நாலு வாளி வைக்க வேண்டும்.

அப்படி வாளி வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான், அணிகள் கல்லூரிகளிலிருந்து புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதை டிவியில் காட்டினார்கள். மாமியாரும் வந்திருந்தார். பிக்கெட் மேடையேறி, முதல் தேர்வாக ஒரு பெயரைப் படித்தார். ஐடஹோக்காரன். சேஃப்டி. ஓட்டத்தில் ஒபியைவிட வேகம் என்றார்கள். பிக்கெட் இப்போது சேஃப்டி என்றால் உயிரை விடுகிறவராக மாறியிருந்தார். இனி அந்த இடத்தைத்தான் முதலில் நிரப்புவாராம்.

ஒபி வாயில் போட்ட கடலையை மெல்லாமல் வைத்திருந்தான். சற்று நேரத்தில் போன் அடித்தது. கோச் ப்ரிட்சர்ட் பேசி, போனை அந்தப் பையனிடம் கொடுத்தார். அவன் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே! உங்க ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் நிக்கவே கத்துக்கிட்டேன்!"

"ரொம்ப சந்தோஷம் தம்பி," என்றான் ஒபி. குரல் வழுக்கிக்கொண்டு போனது. "உன்னைத்தான் எடுக்கணும்னு ஒரு வாரமா வேண்டிக்கிட்டே இருந்தேன்."

அந்த ஒரு வாரமும் அவன் வேண்டிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். முன்வரிசைக்கு நல்ல தடியனாக ஒருத்தன் வேண்டும், பின்னால் மட்டும் யாரும் வேண்டாம் கர்த்தரே என்பதுதான் அது.

போனை வைத்துவிட்டு அவன் கடலையை மென்றான். மாமியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா லத்ரீஸ், இவன் எப்ப வேண்டிக்கிட்டான்?"

"வாளி நிறைஞ்சுடுச்சு அத்தை" என்று சொல்லிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.